இறங்கி உருட்டாத இராசநாயகம்

நீர்வேலி இராசநாயகம் முப்பத்து மூன்று வருடம் தபால்காரராக இருந்து இளைப்பாறியவர். அந்த முப்பத்து மூன்று வருடத்தில் ஒருநாள்கூடத் தான் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டியதில்லை என்பது அவருடைய பெருமை. கேட்டவர்களுக்கும் சொல்வார், கேளாதவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்வார். டயரில் காற்றுப் போன நாளில் றிம்மிலேயே கடகடவென்று ஓடிவந்து சைக்கிள் கடை வாசலில் நின்றிருக்கிறார். வாழைத்தோட்ட ஒழுங்கைகளில் வெள்ளம் முழங்காலுக்கு நின்ற மாரியிலும் மிதித்தபடியே போய்க் கடிதம் கொடுத்திருக்கிறார். ஒரு முறை நாய் காற்சட்டையைக் கவ்வியபோதும் அவர் இறங்கவில்லை. நாய்தான் கொஞ்சத் தூரம் கூட வந்தது.

உள்ளதைச் சொன்னால், யாழ்ப்பாணத்தில் சைக்கிளை உருட்டாமல் இருப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை அல்ல. தோசைக்கல்லுப் போலத் தட்டையான நிலம். பெயரிலேயே மலையை வைத்திருக்கும் கீரிமலையில்கூட ஏறி இளைக்க ஒரு மலை கிடையாது. இங்கே சைக்கிள்காரனுக்கு எதிரி காற்று ஒன்றுதான். வைகாசி தொடங்கிச் சோளகம் தெற்கிலிருந்து முகத்தில் அறையும். மார்கழி, தையில் வாடை வடக்கிலிருந்து வந்து முதுகில் தள்ளும். எந்த மாதம், எந்த நேரம், எந்தத் திசையில் மிதிக்கலாம் என்பது இராசநாயகத்துக்குத் தலைகீழ்ப் பாடம். உலகத்தில் வேறு விதமான கஷ்டமும் சைக்கிளுக்கு வரலாம் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

போன வருடம் சித்திரை வெயிலில் அவர் உரும்பிராய்ச் சந்தியில் சைக்கிளோடு மயங்கி விழுந்தார். அன்று முதல் அவருடைய மனைவி பத்மாவதிக்கு நிம்மதி இல்லை. மனுசன் சந்தைக்குப் போய்ப் பத்து நிமிடம் பிந்தினாலும் வாசல் படலையில் வந்து நின்றுவிடுவார். ரொறன்ரோவில் இருக்கும் மகன் நிருஷன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, அப்பாவுக்கென்று ஒரு ஸ்கூட்டி எடுத்துக் கொடுப்பித்தான். அப்பா அதைத் தொட்டும் பார்க்கவில்லை. ஐம்பத்தைந்து வயது அம்மாதான் மூன்று கிழமையில் ஓடப் பழகி, லைசென்சும் எடுத்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, வெயிலுக்கை மிதிக்காமல் பின்னாலை ஏறுங்கோவன். நல்லூருக்குப் போட்டு வருவம்."

"மனுசிக்குப் பின்னாலை குந்தியிருந்து போறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"விழுந்து கிடந்தா மட்டும் சனம் கதைக்காதோ?"

இந்தப் பேச்சு வெள்ளிக்கிழமைதோறும் நடந்தது. முடிவில் பத்மாவதி ஸ்கூட்டியில் போவார்; இராசநாயகம் சைக்கிளில் அரை மணித்தியாலம் பிந்திப் போய்ச் சேர்ந்து, பூசை முடிந்த கோயிலைக் கும்பிட்டுவிட்டு வருவார்.

இப்படி இருக்கும்போதுதான் சனசமூக நிலையத்துக்கு எழுபத்தைந்து வயது வந்தது. ஆண்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று கூடிப் பேசினார்கள். உரும்பிராயில் ஒரு வங்கியில் வேலை பார்க்கும் றஜிதா, கியர் சைக்கிள் வைத்திருப்பவள், நீர்வேலியிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிள் பயணம் போவோம் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒழுங்கு செய்வதற்கு ஆள் வேண்டும் என்றபோது போகச் சம்மதித்த மற்றப் பதினொரு பேரும் இராசநாயகத்தைத்தான் பார்த்தார்கள்.

முதலில் குழு அமைத்தார்கள். குழு இல்லாமல் எங்கள் ஊரில் ஒரு பந்தல்காலும் நடமுடியாது. தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர் என்று போய், போகிற பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்குப் பதவி கிடைத்தது. மிஞ்சின இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதால் அவர்களைப் போசகர்கள் ஆக்கினார்கள். தலைவர், இளைப்பாறிய பாடசாலை அதிபர் அருளம்பலம். அவருக்குச் சைக்கிள் ஓட்டம் சுமார். ஆனால் எந்த இடத்திலும் இருபது நிமிடம் பேசக்கூடியவர்.

விதிகளை இராசநாயகமே எழுதினார். முக்கியமான விதி நாலாவது: வழியில் நின்று இளைப்பாறலாம், ஆனால் இறங்கிச் சைக்கிளை உருட்டுகிறவர், அந்த இடத்திலேயே சைக்கிளோடு லொறியில் ஏறவேண்டும். கூடவரும் லொறி, வாழைக்குலை ஏற்றும் சுபாஸ்கரனுடையது. சமையலுக்குப் பத்மாவதி லொறியில் வருவதாக முடிவாயிற்று.

அன்று வீட்டில் இடியப்பம் அவித்தபடி பத்மாவதி அந்த விதியை வாசித்துப் பார்த்தார்.

"நாலாம் விதி உங்களுக்கும் தானே?"

"எனக்கு ஏன்? நான் உருட்டினால்தானே."

"உருட்டினா?"

"உருட்டினா சைக்கிளைக் கொட்டிலுக்கை விட்டுப் பூட்டிப்போட்டு, உம்மடை ஸ்கூட்டிக்குப் பின்னாலை ஏறி நல்லூருக்கு வாறன். போதுமோ?"

"கந்தசுவாமியார் சாட்சி?"

"ஓம், கந்தசுவாமியார் சாட்சி."

பத்மாவதி அடுத்த தட்டு இடியப்பத்தைப் பிழியத் தொடங்கினார். மிச்ச காலம் முழுக்கச் சந்தைக்கும் கோயிலுக்கும் மனைவியின் முதுகைப் பார்த்தபடி போய்வரும் காட்சி இராசநாயகத்தின் கண்ணில் ஒரு கணம் வந்து போனது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் அல்ல அவர்.

ஒழுங்கு வேலையை இராசநாயகம் குறை சொல்ல இடமின்றிச் செய்தார். தை நடுப்பகுதியில் புறப்பாடு. வாடைக்காற்று தெற்கே தள்ளிக்கொண்டு போகும். முதல் நாள் வவுனியா, இரண்டாம் நாள் தம்புள்ளை, மூன்றாம் நாள் கண்டி, நாலாம் நாள் நுவரெலியா. கடைசி நாள் பாதையைப் பற்றி மட்டும் அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் அந்தப் பாதையில் உள்ள புசல்லாவைத் தபால் கந்தோரில் வேலை செய்த ஒரு பழைய சிநேகிதருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அங்காலை காத்து எந்தப் பக்கத்தாலை அடிக்கும்?"

"காத்தெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஏத்தம் தான் சார்."

"ஏத்தம் கிடக்கட்டும். காத்து இல்லையெண்டது நிச்சயமோ?"

"நிச்சயம் சார். ஆனா ஏத்தம்…"

இராசநாயகம் நன்றி சொல்லி வைத்துவிட்டு, கொப்பியில் எழுதினார்: 'கண்டி – நுவரெலியா. எழுபத்தேழு கிலோமீற்றர். காற்று இல்லை. மிக நல்ல பாதை. காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டால் பதினொன்றரைக்கு மதியபோசனம்.'

ஏற்றத்தையும் அவர் அலட்சியம் செய்துவிட்டார் என்று சொல்லக்கூடாது. பயிற்சி வைத்தார். குடாநாட்டில் ஏற்றம் என்று சொல்லத்தக்கது சங்குப்பிட்டிப் பாலத்தின் நடுமுதுகு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னிரண்டு பேரும் அந்தப் பாலத்தில் இருபது தரம் ஏறி இருபது தரம் இறங்கினார்கள். கீழே கடலில் களங்கண்டி மீன்வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "என்னத்தைத் துலைச்சுப்போட்டியள்? நாங்களும் தேடுவமோ?" என்று கத்திக் கேட்டார்.

"ஏத்தமெண்டாலும் இதைப்போலை ஒரு இருபதுதான் வரும்" என்றார் இராசநாயகம், மூச்சு வாங்காமல்.

புறப்படுகிற அன்று லொறியைப் பார்த்தவர்கள் குடும்பமே குடிபெயர்கிறது என்று நினைத்திருப்பார்கள். அரிசி இரண்டு மூட்டை, சின்ன வெங்காயம் ஒரு மூட்டை, தேங்காய், முருங்கைக்காய், நல்லெண்ணெய் ரின், நுவரெலியாவில் சீதா எலிய அம்மனுக்கென்று ஆறு கதலி வாழைக்குலை. அத்தோடு பன்னிரண்டு பெரிய கான் நிறைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்.

"அக்கா, அங்கை நீர்வீழ்ச்சி கிடக்கு" என்று றஜிதா சொல்லிப் பார்த்தாள்.

"பிள்ளை, அது ஆரின்ரை தண்ணியோ? எங்கடை சனத்துக்குத் தண்ணி மாறினா ஒத்துவராது" என்றார் பத்மாவதி. அந்த விஷயத்தில் குழு ஏகமனதாக அவர் பக்கம் நின்றது.

முதல் மூன்று நாளும் இராசநாயகத்தின் நாட்கள். கோப்பாய், கைதடி, சாவகச்சேரி என்று போய், ஆனையிறவு வெளியில் வாடை முதுகில் கைவைத்துத் தள்ளியது. மிதிக்காமலே சைக்கிள் போனது. அருளம்பலம்கூடப் பாடிக்கொண்டு வந்தார். வவுனியாவில் இராசநாயகத்துக்கு மாலை போட்டார்கள். தம்புள்ளையில் அவர் மற்றவர்களுக்குக் காற்றைப் பற்றி ஒரு விரிவுரை செய்தார். மாத்தளை தாண்டும்போது இரண்டு போசகர்களுக்கும் மேல்மூச்சு வாங்கியது. செயினுக்கு எண்ணெய் காணாது என்று இராசநாயகம் நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தார்.

நாலாம் நாள் கம்பளை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் பாதை தலையைத் தூக்கியது. தூக்கிய தலையைப் பிறகு இறக்கவே இல்லை. ஒரு வளைவு ஏறினால் முடிந்துவிடும் என்று ஏறினார்கள். வளைவுக்கு அங்கால் இன்னொரு வளைவு இருந்தது. அதற்கும் மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவில், பெருவிரல் அளவில் ஒரு பஸ் ஊர்ந்து போனது. அந்தப் பஸ் போகிற பாதையும் தாங்கள் போகவேண்டிய பாதைதான் என்று விளங்கியபோது உபசெயலாளர் தெருவோரம் அமர்ந்துவிட்டார்.

சங்குப்பிட்டிப் பாலத்துக்கு மறுபக்கம் என்று ஒன்று இருந்தது, ஏறினால் இறங்கலாம். இந்த மலைக்கு மறுபக்கத்தைக் காணவே இல்லை. மதியபோசனத்துக்குக் குறித்த பதினொன்றரைக்குப் புசல்லாவைக்கே இன்னும் நாலு மைல் இருந்தது.

அருளம்பலம் முதலில் இறங்கினார். "நிர்வாக அலுவலுகளை லொறியிலை இருந்து கவனிக்கிறதுதான் நல்லதெண்டு நினைக்கிறன்" என்று சொல்லி ஏறி, பத்மாவதிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கானின் மேல் அமர்ந்தார். பிறகு போசகர்கள். பிறகு செயலாளர், பொருளாளர், எஞ்சிய குழு. றஜிதா கியரை மாற்றி மாற்றிக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டாள். றம்பொடைக்குக் கிட்ட வரும்போது தெருவில் மிதித்துக்கொண்டிருந்தது இராசநாயகமும் அவருடைய பழைய றலி சைக்கிளும் மட்டும்தான்.

அவர் மிதித்த விதத்தைச் சொல்லத்தான் வேண்டும். நேரே மிதித்தால் சைக்கிள் நகராது. அதனால் தெருவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்குமாக நெளிந்து ஏறினார். முப்பது யார் ஏறுவார். சீற்றில் இருந்தபடி ஒற்றைக் காலை ஊன்றி நிற்பார். நெஞ்சு அடங்கியதும் மறுபடி முப்பது யார். பஸ் சாரதிகள் சிங்களத்திலும் தமிழிலும் திட்டிக்கொண்டு போனார்கள். லொறி ஒவ்வொரு வளைவிலும் காத்து நின்றது. ஒவ்வொரு வளைவிலும் பத்மாவதி லொறியின் பின்பலகையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

"காணும், ஏறுங்கோ. ஒருத்தரும் ஒண்டும் நினைக்கமாட்டினம்" என்று சொன்னார். மூன்றாவது வளைவில் அந்தக் குரலில் பரிகாசம் இல்லை. உரும்பிராய்ச் சந்தியில் ஆட்கள் கூட்டமாக நின்ற அந்தப் பகலை அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீர் பேசாமல் இரும்" என்றார் இராசநாயகம். அதைச் சொல்லவும் அவருக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

அடுத்த வளைவில் லொறி தானாகவே நின்றுவிட்டது. பன்னிரண்டு சைக்கிளில் பத்து, பன்னிரண்டு பேரில் பத்து, அரிசி, வெங்காயம், குலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்னிரண்டு கான் நீர்வேலித் தண்ணீர். சுபாஸ்கரன் எவ்வளவு உறுமவிட்டும் அது முன்னால் போக மறுத்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். பாரம் குறையட்டும் என்று பத்மாவதியும் இறங்கினார். இராசநாயகம் வந்து சேர்ந்து, சைக்கிளைத் தேயிலைக் கரையில் சாத்திவிட்டுத் தோளைக் கொடுத்தார். லொறியைத் தள்ளக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

லொறி ஒரு துள்ளுத் துள்ளிப் பிடித்துக்கொண்டது. "நிப்பாட்டினா இனி எடுக்கேலாது! ஓடிவந்து தொத்துங்கோ!" என்று சுபாஸ்கரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். குழு ஓடியது. அருளம்பலம் அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எல்லோரும் தொத்திக்கொண்டார்கள். முழங்கால் வருத்தம் உள்ள பத்மாவதியால் மட்டும் ஓட முடியவில்லை. "மேலை, தேயிலைப் பக்டரியடியிலை நிக்கிறம்!" என்ற குரல் மட்டும் திரும்பி வந்தது. லொறி வளைவில் மறைந்தது.

தூறல் விழத் தொடங்கியது. தொலைபேசியில் சிக்னல் இல்லை. ஒரு பஸ் நெருக்கிய சனத்தோடு நிற்காமல் போனது. பிறகு ஒரு ஓட்டோ வந்தது; அதற்குள் சாரதியின் மடிவரைக்கும் லீக்ஸ் கட்டுகள். தேயிலைப் பக்டரி இரண்டு கிலோமீற்றர் என்று அந்தச் சாரதிதான் சொல்லிவிட்டுப் போனான்.

"நான் மிதிச்சுப் போய் லொறியைத் திருப்பி அனுப்பிறன். நீர் இதிலை இரும்" என்றார் இராசநாயகம்.

"ஓம், போங்கோ."

பத்மாவதி கிலோமீற்றர்க் கல்லில் அமர்ந்து, சேலைத் தலைப்பைத் தலைக்குப் போட்டுக்கொண்டார். இராசநாயகம் ஏறி முப்பது யார் நெளிந்து போய், கால் ஊன்றித் திரும்பிப் பார்த்தார். நிருஷன் விட்டுப்போன பெரிய சுவெற்றருக்குள் சின்ன உருவமாகப் பத்மாவதி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குளிரில் தோள் நடுங்கியது இங்கேயிருந்தே தெரிந்தது. இராசநாயகம் இன்னொரு தரம் மிதியில் காலை வைத்தார். கால் அமுக்க மாட்டேன் என்றது. அது களைப்பினால் அல்ல.

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழே வந்தார்.

"ஏறும்."

"உந்த ஏத்தத்திலை என்னையும் வைச்சு மிதிக்கப்போறியளோ?"

"மிதிக்கேலாது. உருட்டிறன்."

பத்மாவதி கணவனின் முகத்தைப் பார்த்தார். கரியரில் ஒருபக்கமாக ஏறி அமர்ந்தார். இராசநாயகம் ஹாண்டிலை ஒரு கையிலும் சீற்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, முப்பத்து மூன்று வருடப் பெருமையை அந்த இடத்தில் விட்டுவிட்டு, உருட்டினார். கொஞ்சம் தட்டையான இடங்களில் பத்மாவதி இறங்கி நடந்தார். முழங்கால் நொந்ததும் மறுபடி ஏறினார்.

"பாரமோ?"

"சீச்சீ. தபால் பையளவும் இல்லை."

"நாவற்குழிப் பாலத்திலையும் இதைத்தான் சொன்னனீங்கள்."

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யுத்த இடப்பெயர்வில் முழு யாழ்ப்பாணமும் மழையில் ஒரே தெருவால், நாவற்குழிப் பாலம் கடந்து, தென்மராட்சிக்கு நடந்தது. மிதிக்கப் போதிய இடம் யாருக்கும் இருக்கவில்லை. நிருஷன் வயிற்றில் ஏழு மாதம். பத்மாவதியைக் கரியரில் வைத்து, ஹாண்டிலில் இரண்டு பையைக் கொழுவி, இராசநாயகம் விடியும்வரை உருட்டினார். அதை அவர் எந்தக் கதையிலும் சேர்த்ததில்லை.

"அதை ஏன் ஒருநாளும் கணக்கிலை எடுக்கிறேல்லை?" என்று கேட்டார் பத்மாவதி.

இராசநாயகம் இரண்டு வளைவு உருட்டினார். பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "அண்டைக்கு எனக்கு நல்லாப் பயம் பிடிச்சிட்டுது. பிள்ளை தெருவிலை பிறந்திடுமோ, நீர் போயிடுவீரோ எண்டு. உருட்டிற ஒவ்வொரு அடிக்கும் பயந்தனான். இனி என்ரை சீவியத்திலை சைக்கிளை உருட்டப்படாதெண்டு அண்டைக்கு நினைச்சனான்."

"எனக்கு அண்டைக்குப் பயமில்லை" என்றார் பத்மாவதி. "நீங்கள் உருட்டிக்கொண்டு வந்தனீங்கள்தானே. நீங்கள் தனியச் சந்தைக்குப் போறதுதான் எனக்குப் பயம்."



கடைசி வளைவுக்குக் கிட்ட வந்ததும் லொறியும் ஆட்களின் சத்தமும் கேட்டன. பத்மாவதி அவருடைய தோளைத் தட்டினார்.

"இறக்குங்கோ. மிச்சத்தை நான் நடக்கிறன். நீங்கள் ஏறி மிதிச்சுக்கொண்டு முன்னாலை போங்கோ. ஒருத்தரும் காணேல்லை. நான் சொல்லமாட்டன்."

அதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு. நூறு யார் மிதித்தால் சைக்கிள் அவருடையது; நல்லூருக்குத் தன் காலில் போகலாம்; கதையைச் சாகும்வரை சொல்லலாம். இராசநாயகம் நின்று, மூச்சை ஒரு முறை இழுத்து விட்டார்.

"நீர் ஆடாமல் இரும்" என்று சொல்லிவிட்டு, குழு முழுவதும் பார்க்க உருட்டிக்கொண்டு போனார்.

வரவேற்புரைக்காகக் கான் ஒன்றின் மேல் ஏறி நின்ற அருளம்பலம் வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார். பிறகு, முன்பே அங்கே வந்து காத்திருந்த றஜிதா கைதட்டத் தொடங்கினாள். எல்லோரும் தட்டி முடித்ததும் செயலாளர், கடமை தவறாதவர், மெல்லிய குரலில், "அண்ணை, நாலாம் விதி…" என்றார்.

"தெரியும். நான்தானே எழுதினனான்" என்ற இராசநாயகம், சைக்கிளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு லொறியில் ஏறினார். அதற்கு முன்பு, லொறியின் பாரம் குறையட்டும் என்று, பதினொரு கான் தண்ணீரைத் தேயிலைக்கு ஊற்றிவிட்டார்கள். பன்னிரண்டாவதைப் பத்மாவதி விடவில்லை. நுவரெலியாவில் எல்லோருக்கும் அந்தத் தண்ணீரில்தான் தேநீர் கிடைத்தது.

ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலரைக்கு, நீர்வேலிச் சந்தியில் நின்றவர்கள் எல்லோரும் கண்டார்கள். பத்மாவதி ஸ்கூட்டியை ஓட்ட, பின்னால் வெள்ளை வேட்டியோடு இராசநாயகம் ஒருபக்கமாக அமர்ந்திருந்தார். வெறுங்கையோடு இருக்கப் பழக்கமில்லாததால் திருப்பத்துக்குத் திருப்பம் அவரே கைகாட்டிக்கொண்டு போனார். சைக்கிள் கொட்டிலுக்குள் இருந்தது. வெயில் ஏறமுன், காலை எட்டு மணிவரைக்கும் அதை எடுக்கலாம் என்று பத்மாவதியே முதல் நாள் கொட்டில் பூட்டின் திறப்பை அவருடைய கையில் கொடுத்திருந்தார்.

கோப்பாய்ச் சந்தியில் சைக்கிள் கடைக்காரர் காற்றுப் பம்பைக் கையில் பிடித்தபடி வெளியே வந்துவிட்டார்.

"என்ன தபால் அண்ணை! மனுசிக்குப் பின்னாலையோ?"

இராசநாயகம் ஸ்கூட்டியை நிற்பாட்டச் சொன்னார். பதில் சொல்லாமல் அவர் ஒரு சந்தியையும் கடந்ததில்லை.

"ஏத்தத்திலை அவ பின்னாலை இருந்தவ. தட்டையிலை நான் இருக்கிறன்" என்றார். பிறகு பத்மாவதியின் தோளைத் தட்டினார். "வாடை பின்னாலை நிக்குது. நீர் எடும், சுகமாய்ப் போகும்."